முப்பத்தொரு சிவப்புப் படகுகள்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட, கதவிடுக்கில் ஆற்றுக் காற்று வருகிறது... உங்களுக்கு ஒரு படகின் கதை சொல்கிறேன், சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லாத படகு, ஆனால் என் வீட்டுக்காரன் கமீலும் நானும் நாற்பத்தொரு வருடமாக அதைவிட்டு இறங்கவில்லை... இல்லை, இப்படி ஆரம்பித்தால் சிரிப்புக் கதை போல இருக்கிறது. சொல்லிவிட வேண்டும், படத்தைச் சோதிக்கிற பெண் வந்து கூப்பிடுவதற்குள் இவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு மரப் பெஞ்சில் நான் தவித்துக்கொண்டிருந்த ஒரு காலை நேரத்தின் கதை இது. இதோ அங்கேதான் இன்னும் உட்கார்ந்திருக்கிறேன், ஆண்ட்வெர்ப் நகரத்து அருங்காட்சியகத்தின் பின்பக்கத் தாழ்வாரம், மெழுகுத் தரை, ஈரக் குடைகளின் வாசனை. பத்தரைக்கு வரச் சொன்னார்கள், பத்து ஐந்துக்கே வந்துவிட்டோம், முப்பத்திரண்டு வருடம் ட்ராம் ஓட்டியவனுக்குத் தாமதம் தெரியாது. அவன் முழங்கால்களுக்கு நடுவில் அந்தப் பொதி, சட்டம் போட்ட பழைய நகரப்படம், எங்கள் மகள் லீஸ்பெத்தின் மஞ்சள் போர்வையில் சுற்றி, நூல் கட்டி. வாசலில் காவலுக்கு நிற்கிற ரூடி முன்பு ட்ராம் பணிமனையில் இருந்தவன், எங்களைப் பார்த்ததுமே ஆரம்பித்துவிட்டான், "என்ன கமீலு, யாரு வீட்டு ஜன்னலைப் பேத்துக்கிட்டு வந்திருக்கே?" என்று. "ஜன்னல் இல்லடா, ஊரையே பேத்துக்கிட்டு வந்திருக்கேன், கதவ நல்லா அகலத் தொற." இரண்டு பேரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்... என் வாய்க்கு மட்டும் எப்படி இவ்வளவு நன்றாகச் சிரிக்கத் தெரிகிறது?

அருங்காட்சியகத்துக் கடிதம் அவன் சட்டைப் பையில் இருக்கிறது, நாலாக மடித்து, மடிப்பில் கிழிந்து. படம் அசல்தான் என்று உறுதியானால் ஆற்றுப் படங்கள் இருக்கிற அறையில் மாட்டுவோம், கீழே நீங்கள் கேட்ட பெயர்த்தகடும் வைப்போம் என்று எழுதியிருந்தார்கள். ஒரு சின்னப் பித்தளைத் தகடு, அவ்வளவுதான் அவன் கேட்டது. லீஸ்பெத் கூல்ஸ், 1972 – 1981. நமக்குப் பிறகு அவள் பேரைச் சொல்ல யாரு இருக்கா இர்மா, நீயும் நானும் போயிட்டா கல்லறையில அந்தக் கல்லைக்கூட எடுத்துடுவாங்க, குத்தகை முடிஞ்சிடும், இங்க இருந்தா பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வரும், நின்னு படிக்கும்... போன குளிர்காலத்தில் சூப் கிண்ணத்தின் மேல் குனிந்துகொண்டு அவன் சொன்னபோதே நான் சொல்லியிருக்க வேண்டும். கமீல், அது அசல் இல்லை. நான்கே வார்த்தை. ட்ராமில் வரும்போது பதினோரு நிறுத்தம் இருந்தது, ஒவ்வொரு நிறுத்தத்திலும் வாயைத் திறந்தேன், ஒவ்வொன்றிலும் யாராவது ஏறினார்கள், குழந்தை வண்டியோடு ஒருத்தி, ஈர நாயோடு ஒருவன்... காரணமா அது? நாய் ஏறினால் உண்மை சொல்லக் கூடாதா?

அசல் எப்படி எங்களுக்கு வந்தது என்று கேட்பீர்கள், ட்ராம் ஓட்டுகிறவன் வீட்டுக்கு நானூறு வருடத்து நகரப்படம் எங்கிருந்து? வெள்ளிக்கிழமைச் சந்தையிலிருந்துதான், செத்தவர்கள் வீட்டுச் சாமானை நடுச் சதுக்கத்தில் பரப்பி ஏலம் போடுவார்களே, கல்யாணமான வருடம் அங்கே சவரம் செய்ய ஒரு நிலைக்கண்ணாடி எடுத்துவந்தான், செத்துப்போன ஒரு தையல்காரருடையது. ஆணி தளர்ந்திருந்தது என்று முதுகைக் கழற்றினால் பலகைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இரண்டாக மடித்து இது... எங்கள் ஊர்தான், மறுகரையிலிருந்து பார்த்தபடி, ஆறு முழுக்கக் கப்பல், மதில், கோபுரம், இக்கரையில் சுருக்கு வைத்த பெரிய கழுத்துப்பட்டியோடு ஓர் ஆணும் பெண்ணும் நின்று ஊரைப் பார்க்கிறார்கள். வடக்கு வாசல் பக்கத்தில் புழு தின்ற ஒரு துளை. நான் அப்போது ஹெலேமான்ஸ் பட்டறையில் வேலை செய்தேன், பழைய நகரப்படங்களை நகல் அச்சடித்துக் கையால் வண்ணம் பூசி விற்கிற பட்டறை, முதலாளியிடம் காட்டினோம். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளை மூக்குவரை கொண்டுபோனார். அப்புறம் பேச ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை, இந்தத் தாள் எல்லாம் ஒரு காலத்தில் தடித்த தோல் அட்டைப் புத்தகத்துக்குள் இருந்தவை, ஊரைவிட்டு ஒரு நாளும் நகராத வியாபாரிகள் சாப்பாட்டுக்கு அப்புறம் புரட்டிப் புரட்டி லிஸ்பனுக்கும் ப்ராகுக்கும் போய்வந்தார்கள், அப்புறம் பிரபுக்கள் வாங்கினார்கள், அப்புறம் ஒரு கூட்டம் வந்து புத்தகங்களைப் பிரித்துப் போட்டுத் தாள் தாளாக விற்றது, ஒரு புத்தகத்துக்குள் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்த ஊர்கள் திசைக்கொன்றாகப் போய்விட்டன, யாருக்கும் வாங்க முடியாத விலையானபோதுதான் எங்களைப் போன்ற நகல்காரர்கள் பிழைத்தோம் என்று. "எனக்குக் குடுத்துடு கமீல்" என்றார். "மாட்டேன் முதலாளி, சவரக் கண்ணாடிக்கு முதுகு இல்லாமப் போயிடும்" என்றான். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான் அவனுக்கு, அதன்பின் பட்டறையில் மிஞ்சுகிற நகல், மை பரவிப்போன நகல் எல்லாம் எங்கள் வீட்டு நடைவழிக்கு வந்தன, கொலோன், வெனிஸ், கான்ஸ்டான்டினோபிள்... குளியலறைக்குப் போவதற்குள் ஐரோப்பா முழுக்கச் சுற்றிவந்துவிடலாம். அசல் ஒன்றே ஒன்று, அதை மட்டும் மாட்டவில்லை, அட்டை மடிப்புக்குள் வைத்து மேசை இழுப்பறையில், ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுப்பான்.

அப்படி ஒரு நாள் எடுத்தது திறந்தே கிடந்தபோதுதான்... லீஸ்பெத்துக்கு ஆறு வயது, பள்ளிக்கூடத்துக்குப் போகாத சளிக் காய்ச்சல் நாள், நான் தக்காளி சூப்புக்கு இறைச்சி உருட்டிக்கொண்டிருந்தேன், சத்தமே இல்லை, சத்தம் இல்லாத குழந்தை எதையோ செய்துகொண்டிருக்கிறது என்று எல்லா அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஆனால் உருட்டி முடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்துவிட்டேன். போனால் நாற்காலியில் மண்டிபோட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, சிவப்புப் பென்சிலால் ஆற்றிலிருந்த ஒரு சின்னப் படகை நிரப்பிக்கொண்டிருக்கிறாள். நானூறு வருடத்துத் தாளில். நான் அலறியது அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். "இது நான் போற படகும்மா, அந்தக் கரையில நிக்கிறது நீயும் அப்பாவும், நீங்க கை ஆட்டுங்க" என்றாள், அழுகை வருவதற்கு முன்னால் இருக்கிற முகத்தோடு. கமீல் வேலை முடிந்து வந்தான், தொப்பியைக்கூடக் கழற்றவில்லை, மேசைப் பக்கத்தில் நின்றான், நின்றான்... நான் கைத்துண்டைப் பிசைந்துகொண்டிருந்தேன். கடைசியில் சீட்டுப் பரிசோதிக்கிறவன் குரலில் கேட்டான், "படகுல போறவங்க எல்லாரும் டிக்கெட் எடுத்தாச்சா?" அவள் தலையை வேகமாக ஆட்டினாள். "அப்ப சரி, போலாம் ரைட்." அவ்வளவுதான். ஹெலேமான்ஸ்தான் துடித்துப்போனார், ரொட்டியின் வெள்ளைச் சதையை உருட்டித் தேய்த்தால் பென்சில் போய்விடும், ஒரு சாயங்காலம் போதும் என்றார். "ரொட்டி சாப்பிடறதுக்கு, முதலாளி" என்றான் கமீல்.

பெஞ்சில் அவன் கை போர்வை நூலைச் சுற்றிச் சுற்றி அவிழ்க்கிறது, எழுபத்தொன்பது வயதுக் கை. "என்ன இர்மா, மூஞ்சி இப்படி வெளுத்துப் போயிருக்கு, காபி குடிக்காம வந்துட்டியே, பையில லவங்கப்பட்டை பிஸ்கட் இருக்கு, எடு." வேண்டாம் என்கிறேன். இப்போது சொல்லலாம், தாழ்வாரத்தில் யாருமில்லை, நாயில்லை, குழந்தை வண்டியில்லை. கமீல்... "என்ன?" ஒண்ணுமில்ல. கடிகாரம் பத்து இருபது.

எப்படிச் செய்தேன் அதை, என்னைவிடக் கவனமான கை பட்டறையிலேயே கிடையாது என்பார் ஹெலேமான்ஸ். லீஸ்பெத்துக்கு ஒன்பது வயதான வருடம் வசந்தத்தில் எங்கள் ஊர்ப் படத்தை நகலெடுக்க அசலைக் கேட்டார், கமீல் சந்தோஷமாகக் கொடுத்தான், படமெடுத்து, அச்சுத்தகட்டில் குழந்தையின் பென்சிலைச் சுரண்டி எடுத்துவிட்டு, வெறும் கருங்கோடாக முப்பது தாள் அச்சடித்து வைத்தார்கள், கையால் செய்த கனத்த தாள், தேநீரில் நனைத்துப் பழுப்பாக்கியது, அசலின் முதுகில் இருக்கிற லத்தீன் எழுத்தைக்கூட விடாமல் நகலின் முதுகிலும் அச்சடித்த வீம்பு அவருக்கு. வண்ணம் பூசுவது இலையுதிர்காலத்தில் என்று சொல்லியிருந்தார். ஆகஸ்டில் லீஸ்பெத்துக்குக் காலில் நீலம் நீலமாகக் கன்றியது. பதினோரு வாரம். இரத்தத்தில் என்றார்கள்... அதை நான் சொல்ல மாட்டேன் கண்ணுகளா, அந்தப் பதினோரு வாரத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நவம்பரில் எல்லா ஊரும் கல்லறைக்குச் சாமந்திப் பூ எடுத்துப்போகிற நாளில் எங்கள் பூவும் ஈர மண்ணில் இருந்தது. மூன்று வாரம் கழித்து நான் பட்டறைக்குப் போனேன், வீட்டில் இருந்தால் அவளுடைய மழைக்காலச் செருப்பு வாசலிலேயே இருக்கிறது, எங்கே போவேன். ஹெலேமான்ஸ் முப்பது தாளையும் அசலையும் என் மேசையில் வைத்தார். எங்கள் முறை எப்படியென்றால், ஒரு தாளை எடுத்து முடித்துவிட்டு அடுத்த தாள் என்று இல்லை, ஒரு நிறத்தை எடுத்தால் அந்த நிறம் முப்பது தாளிலும் முடிகிற வரை தூரிகையைக் கீழே வைக்கக் கூடாது, அசலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கண்ணு அதில், கை இதில். ஒரு நாள் முழுக்கப் புல். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர். ஓட்டுக் கூரைகளுக்குச் சிவப்பு வந்த நாளில் கண்ணு எங்கெங்கே சிவப்பைப் பார்த்ததோ அங்கெல்லாம் கை போயிருக்கிறது, சாயங்காலம் தூரிகையைக் கழுவும்போதுதான் பார்க்கிறேன், முப்பது தாளிலும் படகு சிவப்பாக இருக்கிறது. நகலில் அது இருக்க வேண்டியதே இல்லை, மற்றப் படகுகள் போல மரநிறத்தில் விட்டிருக்கலாம். ஈரத் தூரிகையோடு உட்கார்ந்துவிட்டேன். ஆனால் அழிக்கவில்லை, இருக்கட்டும் என்று தோன்றியது, முப்பது இடத்துக்கு அவள் போகட்டும் என்று... பைத்தியக்கார நினைப்பு.

கடைசி வேலை முத்திரை. நகலை அசலென்று சொல்லி யாரும் யாரையும் ஏமாற்றக் கூடாது என்று, விற்பதற்கு முன்னால் ஒவ்வொரு தாளின் முதுகிலும் 'நகல்' என்று அழியாத மையில் முத்திரை குத்துவோம், அது என் பொறுப்பு. புனித நிக்கோலாஸ் நாளுக்கு முந்தின தினம் அது, எல்லா வீட்டிலும் பிள்ளைகள், ராத்திரி பரிசு வந்து விழும் என்று, செருப்பைக் கணப்பு அருகே வைத்துவிட்டுத் தூங்கப்போகிற நாள். பட்டறையிலிருந்த ஒருத்தி, நல்ல மனசுதான், எல்லார் மேசையிலும் ஒரு கமலா ஆரஞ்சு வைத்துக்கொண்டு வந்தாள், என் மேசையிலும் வைத்துவிட்டாள், வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது, கையை நீட்டினாள், எடுக்கவா வேண்டாமா என்று அப்படியே நின்றாள். அந்த வாசனை... தாள்கள் எல்லாம் குப்புறக் கிடந்தன, முப்பத்தொன்று, முதுகெல்லாம் ஒரே லத்தீன். வேறு எந்த நாளாயிருந்தாலும் என் விரல் நுனியே சொல்லியிருக்கும், இது நானூறு வருடம், இது எட்டு மாதம் என்று. அன்றைக்கு விரலில் உயிரில்லை. ஒவ்வொன்றாக எண்ணி முப்பது முத்திரை குத்தினேன், குத்தாத ஒன்றை அசலென்று அட்டை மடிப்புக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதைக் கமீல் அந்த ஞாயிற்றுக்கிழமையே சட்டம் போட்டான், இனிமேல் இழுப்பறையில் வைக்க வேண்டாம், அவள் படகு கண்ணெதிரே இருக்கட்டும் என்று தானே சட்டம் அறுத்து, தானே முதுகில் தாள் ஒட்டி, சாப்பாட்டு மேசைக்கு நேரே மாட்டினான்.

எப்போது தெரிந்தது எனக்கு? பிப்ரவரியில், கண்ணாடி துடைக்கும்போது. புழுத் துளை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கரும்புள்ளி, வட்டமாக, தட்டையாக, அச்சு மை. பக்கவாட்டிலிருந்து, தலைகீழாக, கைவிளக்கை வைத்து எப்படிப் பார்த்தாலும் துளையில்லை, துளையின் படம்தான் இருக்கிறது. துணியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். பட்டறைக்கு ஓடினால், முப்பது தாளையும் ஒரு கப்பல் நிறுவனம் புத்தாண்டுப் பரிசாக மொத்தமாக எடுத்துக்கொண்டு போய்விட்டது, எந்தெந்தத் துறைமுகத்தில் யார் யாருக்கோ, யோகஹாமாவா, மெல்போர்னா, பியூனஸ் அயர்ஸா, ஹெலேமான்ஸுக்கே தெரியாது, ஏன் கேக்கிறே இர்மா என்றார். சும்மாதான் என்றேன். எந்தப் பெயரைச் சொல்லித் தேடுவது? முப்பதும் ஒன்று போலத்தானே இருக்கும், என் பிள்ளை விரல் பட்டது எது என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது? அதன் முதுகில் நானே என் கையால் 'நகல்' என்று குத்தி அனுப்பியிருக்கிறேன், எவனாவது நல்லவன் சந்தேகப்பட்டுத் திருப்பிப் பார்த்தாலும் என் முத்திரை அவன் வாயை அடைத்துவிடும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கமீல் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து படகோடு பேசிக்கொண்டிருக்கிறான், இன்னிக்கு ஏழாம் நம்பர் வண்டி பாலத்துல நின்னு போச்சும்மா, ஒரு கிழவி என் மேல குடையை உதறிட்டா... நான் எப்படிச் சொல்வேன், நீ பேசுவது அவளோடு இல்லை, என் தூரிகையோடு என்று? அடுத்த வாரம் சொல்லலாம். ஈஸ்டருக்கு அப்புறம் சொல்லலாம். நாற்பத்தொரு வருடம். நான் அந்தப் படத்தைத் துடைப்பேன், மேல் மூலை, கீழ் மூலை, துளையின் படம்... படகை மட்டும் பார்க்க மாட்டேன். துணியால் அதைக் கடந்துபோவேன், கண்ணை மூடிக்கொண்டு, காயத்தைச் சுற்றிக் குளிப்பாட்டுவது போல.

"கூல்ஸ் ஐயா? கூல்ஸ் அம்மா? காக்க வெச்சுட்டேன், மன்னிச்சுக்கங்க." நவால் என்று அந்தப் பெண்ணுக்குப் பெயர், படங்களைச் சோதிக்கிறவள், முப்பது முப்பத்தைந்து இருக்கும், லீஸ்பெத்துக்கு இப்போது ஐம்பது... நான் எழுந்தபோது முழங்கால் சொடுக்கியது. வெளிச்சமான அறை, வெள்ளை மேசை. கமீல் போர்வையைப் பிரித்தான், மடித்து என் கையில் கொடுத்தான். அவள் சட்டத்தைத் திருப்பி முதுகில் கத்தி வைக்கப் போனாள். "இரும்மா, நான் ஒட்டினது, நானே பிரிக்கிறேன்" என்று பேனாக்கத்தியை எடுத்தான். நாற்பத்தொரு வருடத்துப் பசை சருகு போல உதிர்ந்தது, அவ்வளவு மெதுவாக அவன் எதையும் செய்து நான் பார்த்ததில்லை. தாளின் முதுகு வெளியே வந்தது, லத்தீன் எழுத்து, வேறொன்றுமில்லை, சுத்தமான முதுகு. அதையே பார்த்துக்கொண்டு அவன் சொன்னான், "ஹெலேமான்ஸ் பட்டறையில நகலுக்கெல்லாம் முதுகுல முத்திரை போடுவாங்கம்மா. இர்மாதான் போடுவா. ஒண்ணு விட மாட்டா." எனக்கு இருமல் வந்தது, வாயைத் திறந்தேன், இருமல்தான் வந்தது. நவால் தாளைத் திருப்பி வைத்து, கண்ணில் பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்தாள். கோபுரத்தைப் பார்த்தாள். மதிலைப் பார்த்தாள். அசலென்றால் செம்புத் தகட்டில் அடித்த கோடு தாளில் மேடாக நிற்கும், விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் நிழல் விழும், எனக்குத் தெரியும் அவள் எதைத் தேடுகிறாள் என்று, இல்லை என்றும் தெரியும். அவள் தோள் தளர்ந்ததை நான் பார்த்தேன், இனி எப்படிச் சொல்வது என்று அந்தப் பிள்ளை யோசிக்கிறது, அதற்குத்தானோ என்னவோ பேச்சை மாற்றினாள், "இந்தப் படகு மட்டும் ஏன் சிவப்பா இருக்கு?"

"அது என் பொண்ணு போட்டது" என்றான் கமீல். "ஆறு வயசு. அவளுக்குக் கோட்டுக்குள்ள நிக்கவே தெரியாது பாத்துக்க. படகு மூக்குல ஆரம்பிச்சவ அப்படியே தண்ணிக்குள்ள இழுத்துட்டா, பக்கத்துக் கப்பலோட பாய் வரைக்கும் போயிடுச்சு செவப்பு. நானும் எத்தனையோ தடவை விரலால அளந்திருக்கேன், ரெண்டு விரக்கடை தாண்டியிருந்தா." நவால் படத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். நான் பார்த்தேன். நாற்பத்தொரு வருடத்துக்கு அப்புறம் அந்தப் படகை முதல் தடவையாக நேரே பார்த்தேன்.

சிவப்பு கோட்டுக்குள் இருந்தது. மூக்கு முதல் பின்பக்கம் வரை, ஒரு மயிரிழை வெளியே இல்லை, அழகாக, சுத்தமாக, பட்டறையிலேயே கவனமான கையின் வேலை. பக்கத்துக் கப்பலின் பாய் வெள்ளையாக இருந்தது. தண்ணீர் பச்சையாக இருந்தது. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது கண்ணுகளா, நான் என்ன செய்தேன் என்று... அசலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவள் தாண்டினதைப் பார்த்துக்கொண்டே, முப்பது தடவை அவளைத் திருத்தியிருக்கிறேன். புதைத்து மூன்று வாரம், என் பிள்ளையை முப்பது தடவை கோட்டுக்குள் தள்ளியிருக்கிறேன். அப்படியென்றால் அவளுடையது மற்ற முப்பதைப் போல இல்லை, இருந்ததே இல்லை, உலகத்தில் ஒரே ஒரு தாளில் அந்தச் சிவப்பு வழிந்திருக்கிறது, எங்கோ ஒரு துறைமுகத்து அலுவலகச் சுவரில் யாரோ அதைப் பார்த்து, வண்ணம் பூசினவளுக்குக் கை சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு காபி குடிக்கிறார்கள். தேடியிருக்கலாம், அப்போதே தேடியிருந்தால் ஒரு கடிதத்தில் ஒரு வரி போதுமே, சிவப்பு வெளியே வழிந்த படகு யாரிடம் இருக்கிறது என்று... இவன்? சட்டம் போட்டவன் இவன். இந்தத் தாளைக் கையிலே ஏந்தி, நாலு பக்கமும் அளந்து, கண்ணாடிக்குக் கீழே வைத்தவன் இவன். இரண்டு விரற்கடை என்று மனப்பாடமாகச் சொல்கிறவனுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையே...

நவால் மென்மையாகத்தான் சொன்னாள், ரொம்ப நேர்த்தியான நகல், இந்தக் காலத்தில் இப்படி யாரும் செய்வதில்லை, கை வேலை அபாரம், ஆனால் அந்த அறையில் வைக்க முடியாது ஐயா, பெயர்த்தகடும்... "சரிம்மா, நீ என்ன பண்ணுவே" என்றான் கமீல். அதிர்ச்சி இல்லை. கேள்வி இல்லை. என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை, கையை மட்டும் நீட்டினான், போர்வைக்காக. ஏன் வந்தான் பின்னே? நான் சொல்வேன் என்று எதிர்பார்த்தா? பெஞ்சில் பிஸ்கட் எடு என்றது அதற்காகவா, ட்ராமில் பதினோரு நிறுத்தமும் வாயை மூடிக்கொண்டு வந்தது அதற்காகவா? இல்லை, எப்படியாவது நூற்றில் ஒரு பங்கு தன் கண் தப்பாக இருக்கும் என்று நம்பியா? அப்படியானால் அத்தனை சாயங்காலமும் அந்தப் படகோடு பேசினானே, ஏழாம் நம்பர் வண்டி, குடையை உதறின கிழவி... யாரோடு பேசினான்? எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, என் கை போட்ட சிவப்பைப் பார்த்துக்கொண்டு?

வாசலில் ரூடி, "என்ன கமீலு, ஊரை வாங்கிக்கலையா?" "எடம் இல்லையாம்டா. வீட்டுக்கே கூட்டிப் போறேன்." ட்ராமில் அவன் ஜன்னலோரம், பொதி முழங்காலுக்கு நடுவில், போர்வையின் ஓரம் என் மடியில் கிடந்தது, அதை விரலில் சுற்றிக்கொண்டேன். கமீல் என்றேன். இந்தத் தடவை ஒண்ணுமில்ல என்று சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, "கமீல், அந்த டிசம்பர்ல..." என்றேன். அவன் வெளியே பார்த்தபடியே சொன்னான், "அடுத்த ஸ்டாப்பு நம்மது, எழுந்திரு." அடுத்தது எங்களுடையது இல்லை. இன்னும் நாலு நிறுத்தம் இருந்தது. முப்பத்திரண்டு வருடம் இந்தத் தடத்தில் வண்டி ஓட்டியவன், கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்த வளைவு என்று சொல்லுகிறவன், எழுந்துவிட்டான், கம்பியைப் பிடித்துக்கொண்டு எனக்காக நிற்கிறான். நான் அவனைத் திருத்தவில்லை. இறங்கினேன். ஆற்றங்கரை, தூறல், எதிர்க்கரை புகையாகத் தெரிந்தது. கைப்பிடிச் சுவரோரம் பொதியை நிறுத்திவிட்டு அவன் நின்றான், பக்கத்தில் நான், அந்தப் படத்தில் நிற்கிற இரண்டு பேரைப் போல, கழுத்துப்பட்டிதான் இல்லை. தண்ணீரில் ஒரு மணல் படகு கீழ்நோக்கிப் போனது. அவன் கையைத் தூக்கினான், மழையைத் துடைக்கவா, ஆட்டவா, பாதியில் நின்றது அந்தக் கை, நானும் என் கையைத் தூக்கவா என்று நினைத்தேன்... தூக்கினேனா? அதுகூட இப்போது நினைவில்லை.

போங்கள் கண்ணுகளா, இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேருங்கள். உங்கள் வீட்டு அடுப்பில் சூப் கொதித்துக்கொண்டே இருக்கட்டும், வாசலில் கழற்றிப் போட்ட சின்னச் செருப்புகள் நாளைக்கும் காலோடு வெளியே போகட்டும், உங்கள் நல்ல தாளில் எல்லாம் கோட்டைத் தாண்டிக் கிறுக்குகிற கை ஒன்று உங்கள் வீட்டில் எந்நாளும் இருக்கட்டும், அதை யாரும் திருத்தாதிருக்கட்டும்.